மிஸ்ஸிங் என்றதும் பம்ப்பை இறக்க வேண்டாம்: பழைய லாரியில் செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் வழி

"மேடு ஏற மாட்டேங்குது, மிஸ் அடிக்குது" என்று ஒரு பழைய லாரி பட்டறைக்குள் வந்தால், பல இடங்களில் முதல் பழி டீசல் பம்ப்பின் தலையில்தான் விழும். பம்ப்பை இறக்கி, பம்ப் கடைக்கு அனுப்பி, இரண்டு மூன்று நாள் வண்டியை நிறுத்திப்போட்டு, திரும்பி வந்ததை மாட்டி செல்ஃப் அடித்தால் அதே மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் வெடிக்காமல் விடுவது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் இருந்த மயிரிழை வெடிப்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மிஸ்ஸிங்குக்குப் பம்ப் காரணமாவதும் உண்டுதான். ஆனால் சந்தேகப் பட்டியலில் அதன் இடம் கடைசி. கழற்றி மாட்டும் செலவில் அதற்குத்தான் முதலிடம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இங்கே பேசுவது மெக்கானிக்கல் இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தள்ள ஓர் 'எலிமென்ட்' என்று வரிசையாக வைத்த டீசல் பம்ப்) வைத்த ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின்களைப் பற்றி. டாடா கம்மின்ஸ் 6பிடி இன்ஜின் போட்ட டாடா 1613, 2515 போன்ற வண்டிகளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். பம்ப்பின் பக்கவாட்டில் 'மைக்கோ' என்று பெயர்த்தகடு இருக்கும். 2008-இல்தான் அந்த நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறியது. காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்த டீசல் நிற்கும் முறை) வண்டிகளுக்கு இதில் சொல்லும் சில சோதனைகள் பொருந்தாது. ஒன்று ஆளையே கொன்றுவிடும். அது எது என்பதை அந்த இடத்தில் சொல்கிறோம்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஆகவே ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் போனால் மூன்றில் ஒன்று கெட்டிருக்க வேண்டும்: அழுத்தம் போதவில்லை, டீசல் வரவில்லை, அல்லது வந்த டீசல் சரியான நேரத்தில் பொடிப்பொடியாகச் சிதறவில்லை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 720 சுற்றில் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 6 முறை வெடிக்கும். ஆறும் சேர்ந்து 36 முறை. ஒன்று செத்தால் அந்த 36-இல் ஆறு அடி விழாது. சைலன்சர் வாயில் காது வைத்தால் கேட்கும் ஓட்டை அதுதான்.

ஒரே சிலிண்டரா, ஆறுமா?

ஸ்பானரைத் தொடும் முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று கேட்க வேண்டும். அடி விழாத இடம் தாளம் தப்பாமல், தவில்காரர் ஒரே இடத்தில் ஒரு அடியை விட்டுவிட்டு வாசிப்பதுபோல், திரும்பத் திரும்ப ஒரே சீராக வருகிறதா? அப்படியென்றால் பழுது ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில்: இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் கருவி), அதன் பைப், வால்வு, பிஸ்டன் ரிங் என்ற வட்டத்துக்குள். விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல், சில நேரம் ரேஸ் குடுத்தால் சரியாகி மறுபடி வருகிறதா? பழுது ஆறு சிலிண்டருக்கும் பொதுவான டீசல் வழியில்: டேங்க், ஹோஸ், ஃபில்டர், ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்ப்புக்குத் தரும் சிறு பம்ப்). இந்த ஒரு பிரிவினை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

இன்ஜின் குலுங்குவதையே மிஸ்ஸிங் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் அறுந்தால் ஆறு சிலிண்டரும் ஒழுங்காக வெடிக்கும்போதே கேபின் முழுக்க ஆடும். சைலன்சர் சத்தம் சீராக இருந்து கேபின் மட்டும் ஆடினால் முதலில் மவுண்டிங்கைப் பாருங்கள்.

புகையின் நிறமும் பேசும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வந்து, இன்ஜின் சூடானதும் நின்று மிஸ்ஸிங்கும் போனால், எரியாத டீசல் வெளியே வருகிறது. நாசில் (டீசலைச் சிதறவிடும் இன்ஜெக்டர் நுனி) தேய்ந்திருக்கலாம், அழுத்தம் குறைந்திருக்கலாம், டைமிங் தாமதமாகியிருக்கலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் அது ஹெட் கேஸ்கட். கரும்புகையோடு மிஸ்ஸிங் என்றால் ஒழுகும் நாசிலைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்ப்பது மரியாதை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங் அல்லது வால்வு கைடு.

கண்ணுக்குத் தெரியாத காற்று

ஒழுங்கில்லாமல் அலையும் மிஸ்ஸிங்குக்குப் பெரும்பாலும் காரணம் காற்று. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, வெளிக்காற்று உள்ளே போகும். அதனால்தான் "எங்கேயும் லீக் இல்லீங்க" என்று டிரைவர் சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் உண்மைதான். ஃபீட் பம்ப்புக்கு அப்பால் உள்ள பகுதி தள்ளும் பகுதி. அங்கே கோளாறு என்றால் ஓடும்போது டீசல் வெளியே கசியும், தூசி ஒட்டி ஈரமாக இருக்கும்.

கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஃபீட் பம்ப்புக்குள் போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி மாதிரியான ஹோஸை ஒரு முழ நீளத்துக்கு இடையில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழிகள் வரிசையாக ஓடினால் காற்று டேங்க் பக்கத்திலிருந்து வருகிறது. அடுத்து, சுத்தமான ஒரு கேனில் பத்து லிட்டர் டீசல் ஊற்றி, வேறு புது ஹோஸில் நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். மிஸ்ஸிங் நின்றுவிட்டால் இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய், அதன் வலை, நீர் பிரிப்பான், இடைப்பட்ட ஹோஸ், பாஞ்சோ நட்டுகளின் (பைப் முனையை இறுக்கும் துளையுள்ள நட்டுகள்) செம்பு வாஷர்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும். பழைய ரப்பர் ஹோஸில் இன்னொரு விஷமம் உண்டு. வெளியே பார்க்க முழுசாக இருக்கும், உள் அடுக்கு மட்டும் உரிந்து நாக்குபோல் தொங்கும். ஐடிலில் டீசல் போகும். லோடு ஏறி அதிகம் உறிஞ்சும்போது அந்த நாக்கு வழியை அடைத்துவிடும்.

கிளம்பும்போது நன்றாக ஓடி, ஒரு மணி நேரம் கழித்து இழுக்காமல் போய், கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் மறுபடி ஓடுகிற வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி ஃபீட் பம்ப்பால் டீசலை இழுக்க முடியவில்லை. ஓர் ஊசிதான் செலவு.

காலையில் மட்டும் தொல்லை தரும் வண்டியில் இரவு முழுக்க டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கலாம். ஃபீட் பம்ப்பின் நான்ரிட்டர்ன் வால்வில் தூசி, அல்லது இன்ஜெக்டர் ரிட்டர்ன் பைப்பில் வெடிப்பு காரணமாக இருக்கும். மேட்டில் மூக்கு மேலே தூக்கி நிறுத்திய இரவில் இது அதிகமாகும், சமதளத்தில் குறையும். டிரைவரிடம் கேட்டால் அவரே சொல்வார்.

பம்ப் உடம்பில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங். அது தளர்ந்தால் பம்ப் காலரியில் (எலிமென்ட்களுக்கான டீசல் நிற்கும் அறை) இருக்க வேண்டிய அழுத்தம் நிற்காது. லோடில் எலிமென்ட்கள் முழுதாக நிறையாமல் போகும். ஃபில்டரும் ஹோஸும் சரியாக இருந்து மேட்டில் மட்டும் திணறினால் இந்த வால்வுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அதன் இடத்தில் சாதாரண பாஞ்சோ போல்ட்டை மாட்டிவிட்ட வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் எத்தனை நாசில் மாற்றினாலும் பயனில்லை.

காற்றைச் சரிசெய்த பிறகு உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் சிறு பம்ப்) குமிழி நிற்கும்வரை அடித்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். அடுத்து பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அதேபோல். பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இரண்டு மூன்று இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவை 30 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது, இடையில் இரண்டு நிமிடம் ஓய்வு. செல்ஃப் மோட்டாரை எரித்துவிட்டால் மிஸ்ஸிங்கைவிடப் பெரிய செலவு வந்து நிற்கும்.

நட்டைத் தளர்த்தும் சோதனை

தாளம் தப்பாத மிஸ்ஸிங்குக்கு இதுதான் தலையாய சோதனை. இன்ஜெக்டர் முனையில் இருக்கும் பைப் நட்டை அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்று தளர்த்தினால், டீசல் சிலிண்டருக்குள் போகாமல் வெளியே கசியும். அந்தச் சிலிண்டரை நாமே நிறுத்துகிறோம். நன்றாக வேலை செய்த சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் மாறும், சுற்று இறங்கும். ஏற்கெனவே செத்த சிலிண்டர் என்றால் ஒன்றும் மாறாது.

முதலில் எச்சரிக்கை. காமன் ரெயில் வண்டியில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். 2010-க்குப் பிறகு பிஎஸ்-3, 2017-இல் பிஎஸ்-4 என்று புகை விதி இறுகியபோது கனரக வண்டிகளில் பரவிய முறை அது. ரெயிலில் உயர் அழுத்தம் தொடர்ந்து நிற்கும், லோடில் அது ஆயிரம் பாரையும் தாண்டும். பழைய இன்லைன் பம்ப்பிலும் விளையாட்டு வேண்டாம். கண்ணாடி, கையுறை போட்டு, நட்டின்மேல் கந்தல் துணி சுற்றித்தான் தளர்த்த வேண்டும். பீச்சும் டீசலுக்கு நேரே விரலை நீட்டினால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின அளவுதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுப் போகாமல், 'டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது' என்ற வார்த்தையைச் சொல்லியே மருத்துவமனையில் சேர வேண்டும்.

செய்முறையில் ஒரு நுணுக்கம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி ஐடிலில் விடுங்கள். நட்டைத் தளர்த்தியதும் சுற்று இறங்கும், ஆனால் பம்ப்பின் கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) உடனே மற்ற ஐந்துக்கும் டீசலைக் கூட்டிச் சுற்றைத் தூக்கிவிடும். அதனால் தளர்த்திய முதல் இரண்டு விநாடியில் கேட்பதுதான் கணக்கு. நிதானமாகக் கேட்கிறேன் என்று பத்து விநாடி கழித்துத் தீர்ப்புச் சொன்னால் நல்ல சிலிண்டரும் செத்ததுபோல் தோன்றும். தளர்த்து, கேள், முறுக்கு, அடுத்ததுக்குப் போ. ஆறையும் இரண்டு சுற்று பாருங்கள்.

4-ஆவது நட்டைத் தளர்த்தியபோது எந்த மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நட்டை முறுக்கிவிட்டு, 4-ஆவது ஹை பிரஷர் பைப்பை விரல்களால் லேசாகப் பிடித்துப் பாருங்கள். பக்கத்துப் பைப்பில் நாடி துடிப்பதுபோல் ஓர் அடி தெரியும். 4-இல் துடிப்பே இல்லையென்றால் பம்ப்பிலிருந்து டீசல் வரவில்லை. பக்கத்தைவிட முரட்டுத்தனமாக, சுத்தியல்போல் அடித்தால் நாசில் ஊசி மூடியபடி இறுகிவிட்டது. டீசல் வந்து முட்டித் திரும்புகிறது. துடிப்பு மற்றவை மாதிரியே இருந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. இன்ஜினை ஆறவிட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஈரத் துணியிலிருந்து ஒரு சொட்டு விடுவதும் இதே கதையைச் சொல்லும். ஐந்து இடத்தில் சொட்டு சீக்கிரம் ஆவியாகும், 4-ஆவது கிளையில் ஈரமாகவே வழியும்.

இனி மாற்றுச் சோதனை. 4-ஆவது இன்ஜெக்டரைக் கழற்றி 2-இலும், 2-ஐ 4-இலும் மாட்டுங்கள். மிஸ்ஸிங் 2-ஆவதுக்குக் குடிபோனால் குற்றம் இன்ஜெக்டரில். 4-இலேயே நின்றால் அது வால்வு, ரிங் அல்லது பம்ப்பின் அந்த எலிமென்ட். புது நாசில் செட் ஆறும் வாங்குவதற்கு முன் இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்தால் காசு மிச்சம்.

இன்ஜெக்டர்: கழற்றுவதைவிட மாட்டுவதில்தான் தவறு

கழற்றிய இன்ஜெக்டரை டெஸ்டரில் மாட்டி அடித்துப் பார்க்க வேண்டும். எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பது முதல் கேள்வி. 6பிடி குடும்பத்தில் 245 பார் என்ற எண் அதிகம் புழங்கும். நாசில், பம்ப் எண் மாறினால் இதுவும் மாறும் என்பதால் வண்டியில் இருப்பதற்கான எண்ணைப் பார்த்தே வைக்க வேண்டும். ஆறும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பது அதைவிட முக்கியம். ஐந்து 245-இலும் ஒன்று 200-இலும் திறந்தால் அந்த ஒன்று முந்திக்கொண்டு, அதிகமாகவும் பீச்சும். இரண்டாவது, தெளிப்பு: எல்லாத் துளையிலிருந்தும் ஒரே மாதிரி பனிபோல் வர வேண்டும். கம்பிபோல் நீளமாக வந்தால் அந்தத் துளை அரித்துவிட்டது. மூன்றாவது, சொட்டு: திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே பிடித்து நிறுத்தினால் பத்து விநாடிக்கு நுனி உலர்ந்தே இருக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது செம்பு வாஷரில். பழைய வாஷர் இன்ஜெக்டரோடு வராமல் ஹெட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புதுசையும் போட்டு மாட்டினால் இரண்டு வாஷர் ஆகிவிடும். நாசில் நுனி உள்ளே தள்ளிப்போய், பிஸ்டன் குழிக்குள் போக வேண்டிய டீசல் ஹெட்டில் அடித்துக் கரும்புகையாகும். டார்ச் அடித்துப் பார்த்து, கம்பிக் கொக்கியால் எடுத்துவிட்டு, ஒரே ஒரு வாஷர், பழையதன் அதே தடிமனில். உட்காரும் இடத்துக் கரியைச் சுரண்டும்போது பிஸ்டன் மேலே விழாமல் கிரீஸ் தடவிய துணியால் துளையை அடைத்துக்கொள்ளலாம். 6பிடி-யில் இன்ஜெக்டர் நட்டுக்கு 60 நியூட்டன் மீட்டர் முறுக்கம். கைக்கணக்கில் நீளக் குழாய் போட்டு இறுக்கினால் நாசில் உடம்பு கோணி ஊசி சிக்கும். மாட்டிய பின் அடியில் கரி ஈரம் தெரிந்தால் வாஷர் உட்காரவில்லை என்று பொருள்.

டப்பெட்

இன்ஜெக்டர் மாறியும் 4 சாகவே செய்தால் டப்பெட் என்கிற வால்வு இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி அடைத்துப்போன எக்ஸாஸ்ட் வால்வு சூடானதும் முழுதாக உட்காராது, அழுத்தம் கசியும். சூட்டில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு இது பழைய காரணம். கசிவிலேயே ஓட்டினால் வால்வு விளிம்பு எரிந்து, ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும்.

6பிடி-க்கு இன்டேக் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர், இன்ஜின் ஆறியிருக்கும்போது. வெடி வரிசை 1-5-3-6-2-4. 1-ஆவது சிலிண்டர் அழுத்த முனையில், அதாவது பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை முழுதாக அழுத்திய நிலையில் நிற்கும்போது (அப்போது 6-ஆவதின் இரண்டு வால்வும் ஆடும்) 1, 2, 4-இன் இன்டேக்கையும் 1, 3, 5-இன் எக்ஸாஸ்ட்டையும் செட் செய்யலாம். கிராங்க்கை முழுதாக ஒரு சுற்று சுற்றி நிறுத்தினால் மீதி ஆறு: 3, 5, 6-இன் இன்டேக், 2, 4, 6-இன் எக்ஸாஸ்ட். பன்னிரண்டும் முடிந்தது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு இழுபட வேண்டும். லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பிவிடும் என்பதால், முறுக்கிய பிறகு ஒருமுறை மறுபடி விட்டுப் பார்க்காமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

அழுத்தம், பிறகு பம்ப்

அழுத்தக் குறையைக் கேஜ் இல்லாமலே மோப்பம் பிடிக்கலாம். ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்து டீசலை நிறுத்திவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஆறும் நல்லதென்றால் மோட்டார் ஒரே சீராக முனகும். ஒரு சிலிண்டர் பலவீனம் என்றால் அந்த இடத்தில் மட்டும் மோட்டார் சட்டென்று வேகம் பிடிக்கும். உறுதிப்படுத்த, இன்ஜெக்டர் துளையில் டம்மி (இன்ஜெக்டர் வடிவிலான இணைப்பு) மாட்டிக் கேஜ் வைத்துப் பார்க்கலாம். ஆறுக்குள் ஒன்று மட்டும் நன்றாகக் கீழே நின்றால் அதுதான் நோயாளி. அடுத்தடுத்த இரண்டு, உதாரணமாக 3-உம் 4-உம், சேர்ந்து இறங்கினால் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கிறது. அந்தச் சிலிண்டரை அழுத்த முனையில் நிறுத்தி, கியர் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜெக்டர் துளை வழியே கம்ப்ரசர் காற்றைக் கொடுத்தால் எங்கே கசிகிறது என்பதைக் காதே சொல்லும்: ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட், பிரீதரில் (இன்ஜின் அடிப்பகுதிக் காற்று வெளியேறும் குழாய்) என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு. காற்று விடும்போது ஃபேன் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது. இன்ஜின் தானாகத் திரும்பும்.

இத்தனையும் தேறி, 4-ஆவது பைப்பில் துடிப்பும் இல்லையென்றால்தான் பம்ப்பின் முறை. அப்போதும் முழுப் பம்ப்பும் இறங்கத் தேவையில்லாமல் போகலாம். 4-ஆவது டெலிவரி வால்வின் (எலிமென்ட்டிலிருந்து பைப்புக்குப் போகும் வழியில் இருக்கும் வால்வு) ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது இருக்கையில் ஒரு தூசி. நிறைய மாதம் நிறுத்திப்போட்ட வண்டியில் தண்ணீர் கலந்த டீசலால் எலிமென்ட்டின் பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் தண்டு) துருப்பிடித்து அதைச் சுற்றியிருக்கும் பேரலோடு ஒட்டியிருக்கும். அது பம்ப் கடை வேலை. டெஸ்ட் பெஞ்சில் ஆறு எலிமென்ட்டின் அளவையும் சமப்படுத்தித்தான் மாட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி அளவு பார்க்காமல் அனுப்பினால் மிஸ்ஸிங் போய், ஒரு சிலிண்டர் மட்டும் அதிகம் உழைத்துப் பிஸ்டனை உருக்கும்.

மிஸ்ஸிங் தீர்ந்ததும் பைப் நட்டுகளில் டீசல் கசிவு இருக்கிறதா என்று பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். அடுத்து ஆயில் குச்சி. செத்த சிலிண்டரில் எரியாத டீசல் லைனர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குள் இறங்கியிருக்கும். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, விரலில் தேய்த்தால் தண்ணியாக வழுக்கி டீசல் வாடை அடித்தாலோ, 'போன மாசம்தான் மாத்தினோம்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காமல் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் லோடு ஏற்ற வேண்டும்.